கோடு நடுங்கினால், உருவம் விறைத்தால், ஸ்டோரிபோர்டு புரியாவிட்டால்: எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

சென்னையில் அனிமேஷன் கடைசி வருடம் படிக்கிறேன். லேபில் என் மேசைக்குப் பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு ஜூனியர்களாவது வந்து நிற்பார்கள். "அக்கா, கோடு நடுங்குதுக்கா." "அக்கா, வரைஞ்சதெல்லாம் பொம்மை மாதிரி நிக்குது." "ஸ்டோரிபோர்டைப் பார்த்துட்டு சார் ஒண்ணுமே புரியலைங்கிறார்க்கா." வருகிற ஆள் மாறுகிறார், கோளாறு மாறுவதில்லை. இதில் பாதிக்கு மேல் எனக்கும் வந்தவைதான். திரும்பத் திரும்பச் சரிசெய்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். (ஸ்டோரிபோர்டு என்பது படமாக்கும் முன் கதையை ஷாட் ஷாட்டாகக் கட்டங்களில் வரைந்து வைப்பது. அதில் ஒரு கட்டம்தான் ஒரு பேனல்.)

உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாற்காலி, பென்சில், பிரஷ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். புது டேப்லெட் (கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகை), புது பிரஷ் தொகுப்பு, புது ஆன்லைன் கோர்ஸ் ஆகியவற்றை மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே யோசியுங்கள்.

கை வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது

மற்ற கோளாறெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கும். இது காத்திருக்காது, அதனால் முதலில் வைக்கிறேன்.

*வரையும்போது மட்டும் வலி:* வரைந்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். கோடு மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். எச்.பி.யை விட்டு 2பி அல்லது 4பி-க்கு மாறுங்கள். மென்மையான பென்சில் லேசாகத் தொட்டாலே கறுப்பாக விழும், அழுத்த வேண்டிய தேவையே போய்விடும். அடுத்து, முன்கையைப் பாருங்கள். மேசை விளிம்பு வெட்டிய தடம் இருந்தால் மேசை உயரம் சரியில்லை. நாற்காலியில் ஒரு தலையணை போட்டால் போதும். தரையில் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்து வரைபவர்களுக்குக் கழுத்தில் ஆரம்பித்து வலி கைக்கு இறங்கும். பரீட்சை அட்டையை இரண்டு தடித்த புத்தகங்கள் மேல் சாய்த்து வைத்து, அதில் வரையுங்கள்.

*டேப்லெட்டில் மட்டும் வலி:* டிரைவர் (டேப்லெட்டைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) அமைப்பில் பேனா அழுத்தத்தை மென்மைப் பக்கம் தள்ளுங்கள். முழுக் கறுப்பு வரவழைக்க பேனாவைக் குத்த வேண்டியிருந்தால் அதுதான் காரணம்.

*டாக்டரிடம் போக வேண்டிய இடம்:* கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது, ராத்திரி தூக்கத்தில் கை எழுப்பிவிடுவது, டம்ளர் கையிலிருந்து நழுவுவது. இதில் ஒன்று இருந்தாலும் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி போகவில்லை என்றாலும் அப்படித்தான். யூடியூபில் பயிற்சி தேடி நீங்களே வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். சப்மிஷன் முடியட்டும் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். தேதியைக் கேட்டுத் தள்ளி வாங்கிவிடலாம், கையை அப்படி வாங்க முடியாது.

கோடு நடுங்குகிறது, மயிர் மயிராக வருகிறது

முதல் கேள்வி: தாளிலும் நடுங்குகிறதா, டேப்லெட்டில் மட்டுமா? இரண்டுக்கும் வழி வேறு.

*தாளிலும் நடுங்கினால்*

தாளில் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். பென்சில் தாளைத் தொடாமல், காற்றிலேயே ஒரு புள்ளியிலிருந்து மற்றதுக்கு இரண்டு மூன்று முறை கையை ஓட்டிப் பாருங்கள். அதே ஓட்டத்தில் கோட்டை இழுங்கள். கண் பென்சில் முனையில் இருக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்க வேண்டும். பத்துக் கோடு போடுங்கள். நேராக வந்தால் உங்கள் கையில் கோளாறில்லை, வரையும் வேகம்தான் குறைவு. பயந்து மெதுவாக இழுக்கும் கோடுதான் நடுங்கும்.

பத்துமே ஒரே பக்கமாக வளைந்தால் மணிக்கட்டை மட்டும் அசைக்கிறீர்கள். மணிக்கட்டு ஒரு ஆணி, அதைச் சுற்றி வில்தான் விழும். சுண்டுவிரல் நகம் மட்டும் தாளில் உரசும்படி கையைத் தூக்கி, தோளிலிருந்து இழுங்கள். முதல் மூன்று நாள் கோணலாகத்தான் வரும், விடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் தடுமாறினால் தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள். லைட் பாக்ஸில் (அடியிலிருந்து வெளிச்சம் வரும் வரைபலகை) சுழலும் வட்டு இருப்பது அதற்காகத்தான்.

*டேப்லெட்டில் மட்டும் நடுங்கினால்*

நிப்பை, அதாவது பேனாவின் முனையைப் பாருங்கள். நுனி உருண்டை போய் உளி மாதிரி சாய்வாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கூடவே வந்த பெட்டியில் உபரி நிப் இருக்கும், பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்து வளையல் சோதனை. இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு நிம்மதியாகப் போனவர்கள் நிறைய. டேப்லெட் மேல் ஒரு கண்ணாடி வளையலை வையுங்கள், உள்விளிம்பை ஒட்டிப் பேனாவால் ஒரு சுற்று வாருங்கள். திரையில் வட்டம் வர வேண்டும். முட்டை வந்தால் டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். டிரைவரில் விகிதத்தைப் பூட்டும் தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். டேப்லெட்டில் ஒரு ஓரம் வேலை செய்யாமல் போகும், பரவாயில்லை. முதல் வருடம் பூராவும் என் முகங்களெல்லாம் சப்பையாக வந்தன. முக அமைப்பு எனக்கு வரவில்லை என்றே நினைத்து மண்டை ஓட்டைப் பக்கம் பக்கமாக வரைந்தேன். காரணம் இந்த ஒரு டிக் குறிதான்.

கோடு மெலிசு தடிமன் ஆகாமல் ஒரே மாதிரி விழுந்தால் அழுத்தம் மென்பொருளுக்குப் போய்ச் சேரவில்லை. விண்டோஸில் க்ரிட்டா என்ற இலவச வரையும் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் டேப்லெட் அமைப்பில் விண்டேப், விண்டோஸ் இங்க் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, மூடித் திறந்து பாருங்கள். பழைய டேப்லெட்டின் டிரைவர் கணினியில் இருந்தால் முழுவதும் நீக்கிவிட்டு, புதியதை மறுபடி நிறுவுங்கள். பிறகு கேபிளை மாற்றிப் பாருங்கள்.

*சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டிய இடம்:* வேறு கேபிள், வேறு கணினி போட்டும் டேப்லெட்டில் அதே இடத்தில் கோடு துள்ளினால் பலகைக்குள்தான் பழுது. திறக்காதீர்கள். வாரண்டி இருந்தால் போய்விடும்.

உருவம் மரக்கட்டை மாதிரி விறைத்து நிற்கிறது

*எங்கே ஆரம்பிக்கிறீர்கள்?* கண்ணிலோ முகத்தின் வெளிக்கோட்டிலோ ஆரம்பித்தால் விறைப்பு அங்கேயே தொடங்கிவிடும். உச்சந்தலையிலிருந்து எடை தாங்கும் பாதம் வரை ஒரே வளைவுக் கோடு முதலில். பாக்கியெல்லாம் அதன்மேல்.

*எவ்வளவு நேரம்?* ஒரு ஜெஸ்ச்சருக்கு (உடம்பின் அசைவை மட்டும் பிடிக்கும் வேக வரைவு) பத்து நிமிடம் கொடுத்தால் கை அலங்கரிக்கப் போய்விடும். 30 விநாடியில் பத்து, 1 நிமிடத்தில் பத்து, 2 நிமிடத்தில் ஐந்து. மொத்தம் 25 நிமிடம். போன் அலாரம் அடித்ததும் அடுத்த பக்கம், முடியாவிட்டாலும்.

*இரண்டு கையும் கண்ணாடிப் பிம்பமா?* இரண்டு கை, இரண்டு கால் ஒரே மாதிரி நின்றால் உயிர் போய்விடும். ஒன்றை மாற்றுங்கள்.

*எடை எந்தக் காலில்?* இதுதான் பெரும்பாலும் மாட்டும் இடம். கழுத்துக் குழியிலிருந்து நேர் கீழே ஒரு தூக்குநூல் விடுங்கள். ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்கும் ஆளுக்கு அந்த நூல் அந்தக் கால் கணுக்காலுக்குப் பக்கத்தில் விழ வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ஆள் விழுந்துகொண்டிருக்கிறார். எடை தாங்கும் பக்கத்து இடுப்பு ஏறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும். தெருக்குழாயில் இடுப்பில் குடத்தோடு வரும் ஒரு அம்மாவைப் பாருங்கள். குடம் உள்ள பக்கம் இடுப்பு வெளியே தள்ளியிருக்கும், உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும், காலிக் கை உடம்பைவிட்டு விலகி எடையைச் சமன் செய்யும். குடத்தை வரையாமல் அந்த அம்மாவை மட்டும் வரையுங்கள். குடம் நிறைந்ததா காலியா என்று பார்ப்பவர் சொல்லிவிட்டால் உங்கள் ஜெஸ்ச்சர் தேறிவிட்டது.

*போட்டோ பார்த்தே வரைகிறீர்களா?* மாதக்கணக்கில் போட்டோ மட்டும் என்றால் வெளியே போங்கள். கோயம்பேடு சந்தையில் விடியற்காலை மூட்டை இறக்குபவர்கள், கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் தூங்கி வழிபவர்கள், வண்டலூரில் கொட்டாவி விடும் விலங்குகள் என்று எல்லாம் இருக்கிறது. கூட்டத்தில் வரையக் கூச்சமாக இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். தலை ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் என்று மூன்று வளைவு. வலப்பக்கத்து ஆண் இடுப்புக்கும் இடப்பக்கத்துப் பெண் இடுப்புக்கும் கோடு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சிலை அசையாது, நீங்கள் இடம் மாறி ஐந்து கோணத்தில் வரையலாம்.

*சோதனை:* வரைந்த உருவத்தின் உள்ளே முழுக்கக் கறுப்படியுங்கள். என்ன செய்கிறார் என்று நிழலை வைத்தே தெரிய வேண்டும். கை உடம்புக்குள் மறைந்துபோயிருந்தால் வெளியே எடுங்கள்.

*ஆசிரியர் தேவைப்படும் இடம்:* இதையெல்லாம் இரண்டு மாதம் செய்தும் பழைய பக்கத்துக்கும் புதிய பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், நேரில் மாடல் வைத்து வரையும் வகுப்பில் சேருங்கள். காசு செலவழிக்கத் தகுந்த வகுப்பு அது ஒன்றுதான் என்பது என் எண்ணம். பின்னால் நிற்கும் ஒருவர் "இந்த இடுப்பு தப்பு" என்று அந்த நொடியே சொல்வதை வீடியோ செய்யாது.

ஒரே பாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் ஆள் மாறுகிறது

ஒரு தாள் துண்டில் தலையின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, உடம்பு முழுக்க வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து தலை, இன்னொன்றில் ஆறரை தலை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் நான்கையும் ஒரே வரிசையில் வரைந்து, கண், தோள், இடுப்பு, முட்டி வழியாகக் குறுக்குக்கோடு போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அளவு சரியாக இருந்தும் முகம் மாறினால் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். எந்தக் கண் சரிந்திருக்கிறது என்று உடனே தெரியும்.

நகர்வு மிதக்கிறது அல்லது துடிக்கிறது

*மிதந்தால்* இடைவெளி சமமாக இருக்கிறது. விழும் பந்துக்கு 1, 3, 5, 7 செ.மீ. என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள், எடை வந்துவிடும். ஏறும்போது அதே வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள்.

*துடித்தால்* முதலில் பெக் பாரையும் (தாளை ஆடாமல் பிடிக்கும் முளைகள் உள்ள பட்டை) தாளின் ஓட்டையையும் பாருங்கள். ஓட்டை கிழிந்து தாள் ஆடினால் படமும் ஆடும். அது சரி என்றால், ஒவ்வொரு படத்திலும் தலையின் பருமன் கூடிக் குறைகிறதா என்று விரலிடுக்கில் தாளைப் புரட்டிப் பாருங்கள். விநாடிக்கு 24 படம் வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம் நிறுத்தி 12 படமாகப் போடுங்கள். பாதி வேலை, பயிற்சிக்கு அது தாராளம்.

ஸ்டோரிபோர்டு புரியவில்லை என்கிறார்கள்

முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வசனம், குறிப்பு எல்லாவற்றையும் தாள் வைத்து மறையுங்கள். சினிமா படிக்காத ஒருவரிடம், தம்பியோ பாட்டியோ, பேனல்களைக் காட்டி, "என்ன நடக்குதுன்னு சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எந்தப் பேனலில் அவர்கள் கதை உங்கள் கதையை விட்டுப் பிரிகிறதோ, கோளாறு அங்கே அல்லது அதற்கு முந்தைய பேனலில்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பையன் டீக்கடையில் 10 ரூபாய் நாணயத்தை நீட்டுகிறான். கடைக்காரர் நாணயம் வேண்டாம், நோட்டாகக் கொடு என்கிறார். பையன் முகம் வாடித் திரும்புகிறான். பின்னால் நிற்கும் பாட்டி நோட்டைக் கொடுத்து நாணயத்தை வாங்கிக்கொள்கிறாள். 9 பேனல். என் தம்பி சொன்ன கதை இது: "பையன் கடன் கேக்கிறான், கடைக்காரர் திட்டுறார், பாட்டி பாவப்பட்டுக் காசு குடுக்குது."

*பொருள் கண்ணில் படவில்லை என்றால்:* எல்லாப் பேனலும் இடுப்பளவு மிட் ஷாட். கையில் இருப்பது ஒரு புள்ளி. உள்ளங்கை குளோசப் ஒன்று சேர்த்தேன். அந்த நாணயத்தின் வெளிவளையம் பொன்னிறம், நடு வெள்ளி நிறம். வளையத்துக்கு மட்டும் சாம்பல் பூசினேன், நம் ஊரில் யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

*பார்வை தவறினால்:* கடைக்காரர் பையன் முகத்தைப் பார்ப்பதுபோல் வரைந்திருந்தேன், அதனால்தான் திட்டுவதாகத் தெரிந்தது. கண்மணியை நாணயத்தின் பக்கம் இறக்கினேன். பிரச்சினை பையனிடம் இல்லை, காசில் என்று தம்பிக்குப் புரிந்துவிட்டது. முகபாவத்தை மாற்றும் முன் கண் எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். முகபாவத்தில் மணிக்கணக்காகத் தேய்த்து அழிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், பல நேரம் தேவை இரண்டு புள்ளிகளை நகர்த்துவதுதான்.

*யார் எங்கே நிற்கிறார் என்று குழம்பினால்:* லைனைத் தாண்டியிருக்கிறீர்கள். லைன் என்பது இரண்டு பேருக்கு நடுவே ஓடும் கற்பனைக் கோடு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். மேசையில் இரண்டு டம்ளரை வையுங்கள், ஒன்று பையன், ஒன்று கடைக்காரர். நடுவில் ஒரு நூலை நீட்டுங்கள். அழிப்பான்தான் கேமரா. ஒவ்வொரு பேனலுக்கும் அழிப்பானை வைத்துப் பாருங்கள். எல்லாம் நூலின் ஒரே பக்கத்தில் இருந்தால் இடப்பக்கம் நின்றவர் இடப்பக்கமே நிற்பார். மறுபக்கம் போயே ஆக வேண்டுமென்றால் கேமரா நகர்ந்து போவதைக் காட்டுங்கள், அல்லது அழிப்பானை நூலின் மீதே வைத்து ஒரு ஷாட் போட்டுக் கடந்து போங்கள். என் கதையில் வரும் பாட்டி முதல் வரைவில் இந்தக் கோளாறில் மாட்டினாள். பையன் வலப்பக்கம் திரும்ப, அவள் இடப்பக்கத்திலிருந்து கை நீட்டினாள்.

*எந்த இடம் என்றே தெரியவில்லை என்றால்:* கடை, தெரு, மூன்று பேர் எல்லோரும் ஒன்றாகத் தெரியும் ஒரு வைட் ஷாட் வேண்டும். அது முதல் பேனலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, மூன்றாவதுக்குள் வந்துவிட்டால் போதும்.

*ஒரு பேனலில் இரண்டு சம்பவம் இருந்தால்:* பையன் முகம் வாடுவதும் திரும்பி நடப்பதும் ஒரே பேனலில் இருந்தது. பிரித்தேன். ஒரு பேனலைச் சொல்லும்போது வாயில் "அப்புறம்" வந்தால் அங்கே வெட்டுங்கள்.

9 பேனல் 13 ஆனது. மறுபடி தம்பியிடம் காட்டவில்லை, அவனுக்குக் கதை தெரிந்துவிட்டதே. எதிர்வீட்டு அக்காவிடம் காட்டினேன், சரியாகச் சொன்னார். ஒவ்வொரு சுற்றுக்கும் புது ஆளைத் தேடுங்கள்.

இப்படிச் சேர்க்கவும் வெட்டவும் வசதியாக, ஒவ்வொரு பேனலையும் தனித்தனி ஒட்டுத்தாளில் வரையுங்கள். ஸ்டோரிபோர்டு பிறந்ததே அப்படித்தான். 1930-களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் வெப் ஸ்மித் படங்களைத் தனித்தனித் தாளில் வரைந்து பலகையில் வரிசையாகக் குத்திவைத்ததுதான் இதன் ஆரம்பம் என்று சொல்வார்கள். ஒரே தாளில் ஆறு கட்டம் போட்டு வரைந்தால் நடுவில் ஒன்றைச் செருக மனம் வராது. கணினியில் என்றால் க்ரிட்டா 5-லேயே ஸ்டோரிபோர்டுக்கான பகுதி இருக்கிறது, காசில்லை. பெரிய மென்பொருளை வேலைக்குச் சேரும் இடம் வாங்கித் தரட்டும்.

சினிமாக் காட்சிகளை வரைந்து படிக்கிறேன், என் போர்டில் பலன் தெரியவில்லை

காட்சியை நிறுத்தி நிறுத்தி அழகான பிரேமை மட்டும் நகலெடுத்தால் இப்படித்தான் ஆகும். கை பழகும், முடிவெடுக்கப் பழகாது.

முதல் மாற்றம்: சிறிதாக வரையுங்கள். 16-க்கு 9 விகிதத்தில், 4.8 செ.மீ. அகலம், 2.7 செ.மீ. உயரம். கண்ணிமை வரைய இடமே இருக்காது, அதுதான் வேண்டும். இரண்டாவது: சத்தத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கட் வரும்போதும், அதாவது ஷாட் மாறும்போதும், ஒரு கட்டம். கீழே எத்தனை விநாடி என்று எழுதுங்கள். மூன்றாவது: ஓரத்தில் மேலிருந்து பார்க்கும் வரைபடம், யார் எங்கே, கேமரா எங்கே.

இவ்வளவும் செய்து பலன் இல்லை என்றால், கட் வரும் இடத்தில் நிறுத்தி, அடுத்த ஷாட் என்னவாக இருக்கும் என்று நீங்களே ஒரு கட்டம் வரையுங்கள். பிறகு ஓடவிட்டு, இயக்குநர் போட்டதை அதன் பக்கத்தில் வரையுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அவர் ஏன் அப்படிப் போனார் என்று ஒரு வரி. இரண்டு நிமிடக் காட்சிக்கு ஒரு மாலை முழுக்கப் போகும். நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த ஒரு வரிகளில் இருக்கிறது.

அனிமேட்டிக்கில் இழுக்கிறது, அல்லது ஓடுகிறது

பேனல்களை நேரக் கணக்கோடு வீடியோவாக ஓடவிடுவதுதான் அனிமேட்டிக். வசனத்தை வாய்விட்டுப் பேசி, ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து போடுங்கள். மனதுக்குள் படிக்கும் வேகம் எப்போதும் அதிகம். வசனம் இல்லாத பேனலுக்கு எழுந்து நின்று நடித்துப் பார்த்து அளவெடுங்கள். எல்லாப் பேனலும் சரியாக 2 விநாடி இருந்தால் அதுவே இழுவைக்குக் காரணம்.

நோட்டைத் திறக்கவே மனம் வரவில்லை

நோட்டு எப்படிப்பட்டது? தடித்த அட்டை போட்ட விலை உயர்ந்த நோட்டில் தப்பாக ஒரு கோடு போடக் கை கூசும். தெருமுனைக் கடையில் கோடு போடாத 100 பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி.

அளவு என்ன? தினம் இரண்டு மணி நேரம் என்று சபதம் எடுத்தவர்கள் மூன்றாம் நாள் நிறுத்துவதைத்தான் பார்க்கிறேன். பத்து நிமிடம் வையுங்கள். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரமே போதும்.

யாருக்குக் காட்டுகிறீர்கள்? போட்ட உடனே இன்ஸ்டாவில் ஏற்றுகிறீர்கள் என்றால், ஒரு மாதம் ஏற்றாமல் வரைந்து பாருங்கள். லைக் வாங்கும் படத்துக்கும் கற்றுக்கொடுக்கும் படத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது.

வரைவது மட்டுமல்ல, சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் ஒட்டவில்லை என்றால் இது வரையும் கோளாறே இல்லை. வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல ஆலோசகரைப் பாருங்கள். கல்லூரியில் இருந்தால் அங்கேயே கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரியாகவில்லை

தொழிலில் இருக்கும் ஒரு ஸ்டோரிபோர்டு கலைஞரிடம் காட்டும் நேரம் இது. 200 பக்கம் அனுப்பாதீர்கள். ஒரே காட்சி, 15 பேனலுக்குள், ஒரே பி.டி.எஃப். கூடவே நீங்கள் செய்து பார்த்த சோதனைகளை மூன்று வரியில் எழுதுங்கள். "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால் "நல்லா இருக்குப்பா" என்றுதான் பதில் வரும். "7-வது பேனலில் பார்ப்பவர்கள் குழம்புகிறார்கள், கண் பார்வையும் லைனும் சரிபார்த்துவிட்டேன், வேறு எங்கே பார்க்கலாம்?" என்று கேளுங்கள்.